பழைய மரப்பலகைச் சுவர்: கழற்றவா, பெயின்ட் அடிக்கவா, அப்படியே விடவா?

எங்கள் வீட்டு ஹாலில் பகல் பதினொரு மணிக்கும் லைட் போட வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம், 1989-ல் அப்பா வளைகுடாவிலிருந்து வந்து கட்டிய வீடு. அன்றைக்கு வெளிநாட்டுக் காசில் எழுந்த வீடுகளில் ஹால் சுவருக்குப் பலகை அடிப்பது ஒரு கௌரவம். மொசைக் தரை, கண்ணாடி ஷோகேஸ், அதற்குப் பின்னால் தேக்கு வெனீர் என்னும் மெல்லிய மரத்தகடு ஒட்டிய பிளைவுட், ஒரு சாணுக்கு ஒரு பீடிங் என்னும் ஒல்லியான மரப்பட்டை, எல்லாவற்றுக்கும் மேல் கருப்பட்டி நிறத்தில் பாலீஷ். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் சுவரைத் தட்டிப் பார்த்து "மரமாக்கும்" என்று சொன்ன காலம்.

இப்போது அதே சுவரைப் பார்த்து என் மகள் "இது என்ன, பழைய பாங்க் மானேஜர் ரூம் மாதிரி?" என்கிறாள். துபாயில் இருக்கும் தம்பி வாரத்துக்கு ஒரு படம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். எல்லாம் வரி வரியான சாம்பல் நிறப் பேனல், பின்னால் எல்.இ.டி. வெளிச்சம். அம்மாவுக்கு எதையும் தொடக்கூடாது. நானோ ஒரு டப்பா வெள்ளைப் பெயின்டில் வேலை முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் இதையே பேசினோம். கடைசியில் தீர்த்து வைத்தவர் ஆசாரி அண்ணன். ஷோகேஸ் ஓரத்தில் ஒரு பீடிங்கை நெம்பி எடுத்து, பலகைக்கும் சுவருக்கும் நடுவே டார்ச் அடித்துக் காட்டினார். "மக்கா, நீங்க எல்லாரும் பலகையப் பாத்துச் சண்ட போடுதிய. சுவரப் பாருங்க." அங்கே பலகையைத் தாங்கும் ரீப்பர் சட்டம் கறுத்துப் போயிருந்தது. சுவரில் உப்புப் பூத்திருந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது, ஹாலுக்கு மொத்தமாக ஒரு முடிவு என்று கிடையாது. ஒவ்வொரு சுவருக்கும் ஒரு முடிவு.

பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது

பத்மநாபபுரம் அரண்மனை எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். வெளியூர் உறவுக்காரர் வந்தால் கூட்டிக்கொண்டு போவோம். பூமுகம் என்னும் முகப்பு மண்டபத்து மேல்தட்டில் 90 பூக்கள், ஒன்று போல் இன்னொன்று இல்லை, நூற்றாண்டுகள் தாண்டி நிற்கின்றன. இதே மழை, இதே ஈரக்காற்றுதான் அங்கேயும். நம் வீட்டுப் பிளைவுட் மட்டும் முப்பத்தைந்து வருடத்தில் ஏன் உப்பி நிற்கிறது?

மரத்தின் சாதி ஒரு காரணம்தான். ஆனால் பெரிய காரணம் காற்று. அரண்மனையில் மரத்துக்கு இரண்டு பக்கமும் காற்று போகிறது. அழிகள், திறந்த முற்றம், நீண்டு இறங்கும் கூரை என்று நனைந்தால் காயும்படி கட்டியிருக்கிறார்கள். நாமோ செங்கல் சுவரிலோ வெட்டுக்கல் சுவரிலோ ஓர் அங்குல ரீப்பர் அடித்து, அதன் மேல் பலகையை அறைந்து, மேலும் கீழும் பீடிங் வைத்து மூடிவிட்டோம். உள்ளே மாட்டிய காற்று வெளியே வர வழியில்லை. முன் பக்கம் பாலீஷ் பூசியிருக்கிறது, பின் பக்கம் எதுவும் பூசாத வெறும் மரம். ஈரத்தைக் குடிப்பது பின் பக்கம்தான்.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் இங்கே வரும். ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை சுவர் முழுக்கக் காய்வதற்கு நேரம் கிடைப்பது அபூர்வம். ஊருக்கு ஊர் கணக்கும் மாறும். குலசேகரம், அருமனை, திற்பரப்புப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் வீட்டுக்குப் பூஞ்சணம்தான் தலைவலி. குளச்சல், முட்டம் கரையில் உப்புக் காற்று ஆணியைத் தின்னும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் கணவாய்க் காற்று. அங்கே பலகை உப்புவதைவிட இணைப்பு விரிந்து வெடிப்பதே அதிகம். ஆகவே நாகர்கோவிலில் ஒருவர் செய்தது நன்றாக வந்தது என்பதற்காக அதையே அருமனையில் செய்ய வேண்டியதில்லை.

பார்ப்பது எப்படி? ஒவ்வொரு சுவரிலும் கண்ணில் படாத மூலையில் ஒரு பலகையையாவது கழற்ற வேண்டும். தட்டிப் பார்த்துச் சொல்லும் ஆட்களை நம்ப வேண்டாம். கழற்றிய இடத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரோடு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். ஷீட்டின் உள் பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப் பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். ஜன்னலும் மின்விசிறியும் பார்த்துக்கொள்ளும்.

சுவரிலிருந்து என்றால் எவ்வளவு உயரத்தில் என்றும் பாருங்கள். தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் மூன்றடிக்குள் நின்றுவிடும், அதன் மேல் விளிம்பில் உப்பு வரி போட்டிருக்கும். அதற்கு மேலேயோ சுவரின் நடுவிலேயோ ஈரம் என்றால் வெளிச்சுவர் விரிசல், சன்ஷேடு, உள்ளே போகும் குழாய் இவற்றில் ஒன்று. இதைக் கண்டுபிடிக்காமல் உள்ளே என்ன செய்தாலும் காசு தண்ணீரோடு போகும்.

அடுத்தது சிதல், அதாவது கறையான். பலகையின் பின்னால் மண் வரி ஓடியிருந்தால் வேறு பேச்சே வேண்டாம். தரையும் சுவரும் சேரும் இடத்தில் துளை போட்டு மருந்து இறக்கிய பிறகுதான் மற்றதெல்லாம். மண் வரி இல்லாமல் ஊசி முனை அளவுத் துளையும் கீழே மாவு போலத் தூளும் இருந்தால் அது வண்டு. ரப்பர் மரம் வண்டுக்கு மிகவும் பிடித்தது. மருந்தேற்றாத ரப்பர் மரத்தில் ரீப்பர் அடித்த வீடுகள் நம் பக்கம் கொஞ்சமா நஞ்சமா!

எங்கள் மூன்று சுவரையும் இப்படிப் பார்த்ததில் மூன்றும் மூன்று கதை சொல்லின. மேற்குச் சுவர் வெளிச்சுவர். ஆனி ஆடியில் மழை நேராக வந்து அறையும் பக்கம். அங்கே வெனீர் பிளைவுட், பின்னால் ஓதம். வடக்குச் சுவர் உள்ளே படுக்கையறையை ஒட்டியது. அதுவும் வெனீர்தான், ஆனால் பின்னால் எலும்பு போலக் காய்ந்திருந்தது. தெற்கே சாப்பாட்டு அறையைப் பிரிக்கும் சுவரில் மட்டும் முழு மரம். தாத்தாவின் ஓட்டு வீட்டைப் பிரித்தபோது வந்த அயனிப் பலகை. அயனிச்சக்கை தின்றவர்களுக்கு மரம் தெரிந்திருக்கும். பலாவுக்குத் தம்பி, ஈரத்துக்கும் சிதலுக்கும் சுலபத்தில் மசியாதது. அதை இழைத்துப் பார்த்தபோது உள்ளே தேன் நிறத்தில் இருந்தது. முப்பத்தைந்து வருடமாக அதன் மேல் கருப்பட்டி நிறத்தைப் பூசி வைத்திருந்திருக்கிறோம்.

பெயின்ட்

முதலில் என் ஆசையையே சொல்கிறேன், அதில்தான் எனக்கு அடியும் விழுந்தது. சில வருடத்துக்கு முன்னால் மாடியில் சின்ன அறையொன்றின் பலகைக்கு வெள்ளை அடித்தேன். பெயின்டர் உப்புத்தாளை இரண்டு இழுப்பு இழுத்து, சுவருக்கு அடிக்கும் தண்ணீர்ப் பிரைமரை ஒரு கோட் கொடுத்து, மேலே வெள்ளை. ஒரு வாரம் ஆஸ்பத்திரி போலப் பளபளத்தது. முதல் மழைக்கு மஞ்சளும் பழுப்புமாக வரி வரியாகக் கறை எழும்பியது. இன்னொரு கோட் அடித்தோம்; கறையும் இன்னொரு கோட் ஏறி வந்தது. அடுத்த வெயிலில் பலகையின் வரிப் பள்ளங்களில் இருந்து பெயின்ட் சுருள் சுருளாக உரிந்தது.

கறைக்குக் காரணம் மரத்துக்குள் இருக்கும் துவர்ப்பும் எண்ணெயும். தண்ணீர்ப் பிரைமர் அதைக் கரைத்து மேலே இழுத்து வரும். அதனால் மரத்துக்கு முதல் கோட் அரக்கு அடிப்படையிலான, கறையைத் தடுக்கும் பிரைமராக இருக்க வேண்டும். இல்லையென்றால் மரத்துக்கான நல்ல எண்ணெய்ப் பிரைமராவது வேண்டும். அது நன்றாகக் காய்ந்த பிறகு மேல் கோட்டுக்குத் தண்ணீர் எனாமல் அடிக்கலாம். எண்ணெய் எனாமலின் வெள்ளை சில வருடத்தில் மஞ்சளாகும், அதுவும் வெயில் படாத சுவரில் சீக்கிரம். தண்ணீர் எனாமல் அப்படி ஆவதில்லை.

உரிந்ததற்குக் காரணம் பழைய பாலீஷ். அதன் மேல் வழுக்கலில் எதுவும் பிடிக்காது. முதலில் சோப்புத் தண்ணீரில் முப்பது வருட எண்ணெய்ப் பிசுக்கும் சாம்பிராணிப் புகையும் போகத் துடைத்து, காய வைத்து, பிறகு 120, 180 நம்பர் உப்புத்தாளில் பளபளப்பு செத்துப்போகும் வரை தேய்க்க வேண்டும். பளபளப்பு போனால் போதும், மரம் தெரிய வேண்டாம். வெனீர் என்பது அரை மில்லி மீட்டர். பல நேரம் அதுவும் இருக்காது. மெஷினை வைத்து ஓர் இடத்தில் நின்றால் அடியிலுள்ள பிளை எட்டிப் பார்த்துவிடும்.

ஏற்கெனவே எனாமல் பூசிய பழைய பலகை என்றால் இன்னொரு எச்சரிக்கை. நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவுக்குக் கட்டுப்பாடு வந்தது 2016-ல் போட்ட விதிகளால்; நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய பெயின்டை வறட்டுத் தேய்ப்பாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள், சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் சத்தியமாகக் கூடாது. தண்ணீர் தொட்டுத் தேய்த்து, தூளைத் துணியில் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

பள்ளங்களை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. பட்டி போட்டு நிரப்பிச் சமமாக்கினால் சாதாரணச் சுவர் மாதிரி ஆகிவிடும் என்று பெயின்டர்கள் சொல்வார்கள். செய்யாதீர்கள். மரம் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். அடுத்த பங்குனிக்குள் ஒவ்வொரு பள்ளத்திலும் முடி போல ஒரு விரிசல் விழும். பள்ளம் பள்ளமாகவே இருக்கட்டும், வெள்ளைக்குள் அந்த வரி பார்க்கவும் நன்றாகவே இருக்கிறது. முழு மரப்பலகையில் இன்னொரு சங்கதி உண்டு: மழைக்காலத்தில் விரிந்திருக்கும்போது பெயின்ட் அடித்தால், கோடையில் சுருங்கி இணைப்பில் பெயின்ட் படாத பழுப்புக் கோடு தெரியும். ஜனவரி முதல் மார்ச் வரை வைத்துக்கொள்வது நல்லது.

செலவு? எங்கள் வடக்குச் சுவர் பதினாறடி நீளம், எட்டடி உயரம். கதவைக் கழித்தால் ஏறக்குறைய 110 சதுர அடி. ஒரு லிட்டர் எனாமல் ஒரு கோட்டுக்கு நூறு சதுர அடியை ஒட்டி வரும். இரண்டு கோட்டுக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று மேல், பிரைமர் தனி. பெயின்ட் விலை பெரிதில்லை. தேய்க்கிற கூலிதான் பெரிது, அதைக் குறைக்கத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். மாடி அறையில் நானும் அதைத்தான் குறைத்தேன்.

பெயின்ட் அடித்தால் திரும்பி வருவது கஷ்டம், இதையும் மனசில் வைக்க வேண்டும். பள்ளமும் பீடிங்கும் உள்ள பலகையிலிருந்து பெயின்டை முழுக்க எடுப்பது நடக்கிற காரியமில்லை. வெனீருக்கு அடிக்கலாம், போனால் போகட்டும். அயனி, தேக்கு, பலா, ஈட்டி என்று முழு மரம் இருந்தால் பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் ஒரு ராத்திரி தூங்கி எழுங்கள்.

பாலீஷை மாற்றுவது

கருமை மரத்தினுடையதா, பாலீஷினுடையதா? பலர் இதைக் கேட்டுக்கொள்வதே இல்லை. முதலில் எந்தப் பாலீஷ் என்று பாருங்கள். பாலீஷ் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து மூலையில் ஒரு நிமிடம் வைத்தால் பிசுபிசுத்துக் கையில் ஒட்டும், அப்படியென்றால் அரக்குப் பாலீஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர். தின்னரில் கரையாமல் சுருங்கி எழும்பினால் எண்ணெய் வார்னிஷ். எதற்கும் மசியவில்லையா, மெலமைனோ பி.யு.வோ (பாலியூரிதேன்) என்ற கெட்டியான பூச்சைப் பூசியிருக்கிறார்கள், அதைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், வெனீரில் அந்த வேலை ஆபத்து.

எங்கள் அயனிப் பலகையில் இருந்தது அரக்கு. ஸ்பிரிட்டும் இரும்பு நாரும் கொண்டு ஆசாரி அண்ணனும் அவர் கூட வந்த பையனும் ஐந்து நாளில் எடுத்துவிட்டார்கள். ஜன்னல் எல்லாம் திறந்து, அடுப்பங்கரையில் தீ இல்லாமல் பார்த்துக்கொண்டு. ஆணி அடித்த இடத்தில் எல்லாம் நீலமும் கறுப்புமாகக் கறை இருந்தது. இரும்பும் மரத்துத் துவர்ப்பும் ஈரத்தில் சேர்ந்தால் வருவது அது. ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துத் தடவினார், மறுநாள் கறை பாதிக்கு மேல் போய்விட்டது. கையுறை போட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைக்கவும் வேண்டும். துருப்பிடித்த ஆணிகளை மாற்றிப் பித்தளைத் திருகாணி போட்டோம். கடற்கரைப் பக்கம் என்றால் பித்தளை அல்லது எவர்சில்வர் தவிர வேறெதையும் நினைக்காதீர்கள்.

மேலே என்ன பூசுவது என்பதில் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம். அவருக்கு அரக்கு மேல்தான் பிரியம். கீறினால் அதே இடத்தில் மறுபடி தொட்டுக்கொள்ளலாம், மரத்தின் நிறம் உயிரோடு இருக்கும். உண்மைதான். ஆனால் அரக்குக்கு ஈரம் ஆகாது, ஈரத்துணி பட்டாலே வெள்ளை பூக்கும். சாப்பாட்டு அறைப் பக்கம், பேரப்பிள்ளைகள் கை வைக்கும் உயரம். கடைசியில் பளபளப்பு இல்லாத பி.யு. நிறம் எதுவும் கலக்காமல் அடித்தோம். அந்த வெண்ணெய் மாதிரி மங்கின மேற்பரப்பு வந்ததும் முப்பது வருடம் பழைய சுவர் என்று சொன்னால் நம்ப முடியவில்லை. பளபளப்புதான் ஒரு பலகையைப் பழசாகக் காட்டுகிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. கருமை இரண்டாவதுதான்.

கூலி பெயின்டைவிட அதிகம், நாளும் அதிகம். வெனீருக்கு இந்தச் செலவு செய்வேனா? மாட்டேன்.

மேலே இன்னொன்றை ஒட்டுவது

தம்பி அனுப்பும் படங்கள் எல்லாம் இந்த வகை. பி.வி.சி. பேனல், வரி போட்ட லூவர், பளிங்கு மாதிரி ஷீட், சார்கோல் பேனல். மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் கடைக்குக் கடை கிடைக்கிறது. ஒரே நாளில் வேலை முடியும், வீட்டில் தூசி இல்லை, மறுநாள் விருந்தாளி வரலாம். ஆசையாகத்தான் இருக்கிறது.

பழைய பலகையின் மேலேயே ஒட்டினால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். ஏற்கெனவே மூச்சு முட்டும் சுவருக்கு இன்னொரு போர்வை. இதுவரை முன்பக்கப் பாலீஷ் வழியாகக் கொஞ்சமாவது போய்க்கொண்டிருந்த ஈரமும் நின்றுவிடும். உள்ளே சிதல் குடும்பம் நடத்தினாலும் வெளியே தெரியாது, பேனல் பிளாஸ்டிக் அல்லவா, அதை அது தின்னாது. தெரிய வரும்போது நிலைக்கதவுவரை போயிருக்கும். ஈரச்சுவரில் இதை ஒட்டுவதை நான் எந்த நிலையிலும் சொல்ல மாட்டேன். காய்ந்த சுவரில், பழைய பலகையைக் கழற்றிவிட்டு ஒட்டுகிறீர்கள் என்றால் அது அவரவர் ருசி. என் ருசி இல்லை. பத்து வருடம் கழித்து நம் மகள் தலைமுறை இதைப் பார்த்து என்ன சொல்லும் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மைகா என்னும் லேமினேட் ஒட்டுவது இன்னொரு வழி. ஒரு மில்லி ஷீட், தட்டையான பலகைக்கு நல்லது. பள்ளம் போட்ட பலகைக்குச் சரிவராது. பாலீஷைத் தேய்த்து எடுக்காமல் பசை போட்டால் ஓரம் பிளக்கும். ஜிப்சம் போர்டு நனைந்தால் மாவாகும், நம் வெளிச்சுவர்களுக்கு வேண்டாம். வால்பேப்பரைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஒரு ஐப்பசி போதும்.

கழற்றி எடுப்பது

மேற்குச் சுவருக்கு வேறு வழியில்லை. ஆனால் கழற்றுவது என்றால் கடப்பாரை எடுத்து அரை நாளில் முடிகிற வேலை என்று நினைத்திருந்தேன். கழற்றியது அரை நாள்தான். அதன் பிறகு வந்த வேலைகள்தான் யாரும் சொல்லாதவை.

பலகையும் ரீப்பரும் சேர்ந்து சுவரைவிட ஒன்றேகால் அங்குலம் முன்னால் நின்றன. ஜன்னல் சட்டம் அதற்குச் சமமாக வைக்கப்பட்டது. பலகை போனதும் சட்டம் ஒன்றேகால் அங்குலம் துருத்திக்கொண்டு நின்றது. சுவிட்சுப் பெட்டியும் அப்படியே, வாயைத் திறந்துகொண்டு. வயர் சுவருக்குள் போகவில்லை, பலகைக்குப் பின்னால் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் மேலுறை வெடித்துச் செம்பு தெரிந்தது. மரத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அதைப் பார்த்த அன்று அம்மாவும் வாயை மூடிக்கொண்டார்கள். கழற்றுகிறீர்களோ இல்லையோ, பழைய பலகைச் சுவர் உள்ள எல்லாரும் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இதையாவது பார்த்துவிடுங்கள்.

கீழே மொசைக் சுவர் வரை போகவில்லை, பலகை விளிம்போடு நின்றிருந்தது. அந்த ஒன்றேகால் அங்குல இடைவெளிக்கு முப்பத்தைந்து வருடத்து மொசைக்கை எங்கே போய்த் தேடுவது? கறுப்புக் கடப்பாக்கல் பட்டை ஒன்று போட்டுச் சமாளித்தோம். பார்ப்பவர்கள் வேண்டுமென்றே போட்டது என்று நினைக்கிறார்கள், நினைக்கட்டும்.

ரீப்பரை நிறுத்தச் சுவரில் அடித்திருந்த மர முளைகள் இன்னொரு தொந்தரவு. அன்றைக்கு எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் முளை போடவில்லை. துளை போட்டு மரக்கட்டை அறைவார்கள். அதை அப்படியே விட்டு மேலே பூசினால் ஈரத்தில் ஊதிப் பூச்சை வட்டமாகத் தள்ளும். ஒவ்வொன்றையும் பிடுங்க வேண்டும். எங்கள் சுவரில் நாற்பத்திரண்டு இருந்தன, எண்ணியது மகள். பழைய பூச்சு சுண்ணாம்பு என்றால் அதன் மேல் சிமென்ட் ஒட்டுப்போடாதீர்கள். ஒன்றோடொன்று பிடிக்காது, ஈரம் வெளியேறவும் விடாது. சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார் வயதானவர்களில்தான் கிடைப்பார், தேடிப் பிடியுங்கள்.

உள்ளே பூசுவதற்கு முன் வெளியே பார்த்தோம். சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில் விரல் நுழையும் விரிசல். மழை அங்கே இறங்கி, நேராகப் பலகைக்குப் பின்னால் வந்திருக்கிறது. அதை வெட்டித் திறந்து அடைத்து, வெளிப்பூச்சு சரிசெய்து, அதன் பிறகே உள்ளே கை வைத்தோம்.

மொத்தத்தில் நாங்கள் செய்த மூன்று சுவர்களில் இதுதான் அதிகச் செலவு. ஆனால் கழற்றிய பிளைவுட்டில் மேல்பாதி நன்றாகத்தான் இருந்தது, மாட்டுக் கொட்டகைக்கு உதவியது. முழு மரம் கழற்றினால் கதை வேறு. பழைய தேக்கும் அயனியும் இன்றைக்கு நல்ல விலைக்குப் போகும், அல்லது அலமாரியாக வீட்டுக்குள்ளேயே திரும்பி வரும். ஒப்பந்தக்காரரிடம் "கழற்றின மரம் யாருக்கு" என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பேசாவிட்டால் அது அவருக்கு.

பாதி வைத்துப் பாதி எடுப்பது

இடுப்பளவு பலகையை வைத்துக்கொண்டு மேலே வெள்ளைச் சுவர். பத்திரிகைப் படங்களில் அழகாக இருக்கும். காய்ந்த உள்சுவருக்கு நல்ல யோசனை, நாற்காலி முதுகு உரசும் இடமும் தப்பும். ஆனால் நம் ஊர்ப் பழைய வீடுகளில் தரையிலிருந்து ஓதம் ஏறுவது சரியாக அந்த மூன்றடிக்குள்தான். எடுக்க வேண்டிய பாதியை வைத்துக்கொண்டு, இருந்துவிட்டுப் போகக்கூடிய பாதியை எடுப்பதாக முடியும். பிளாஸ்டிக் ஷீட் சோதனையை அடிப்பகுதியில் செய்து பார்க்காமல் இதில் இறங்க வேண்டாம்.

ஒன்றும் செய்யாமல்

இதையும் ஒரு வழியாகவே வைத்துப் பேச வேண்டும். காய்ந்த சுவர், நல்ல பலகை, கையில் காசு இல்லை என்றால் பலகையைத் தொடவே வேண்டாம். எங்கள் ஹாலில் இருந்தது 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. அந்த நீல வெளிச்சத்தில் எந்தப் பழுப்பு மரமும் சாம்பல் பூசிய மாதிரித்தான் தெரியும். 3000-க்கும் 4000-க்கும் இடைப்பட்ட பல்பு இரண்டை மாற்றி, ஒன்றைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்ததும் மகளே "இப்போ பரவாயில்ல" என்றாள். பலகை இல்லாத நான்காவது சுவரும் சீலிங்கும் முன்பு பச்சையாக இருந்தன, அதை வெளிர் நிறமாக்கினோம். கனத்த மெரூன் திரைச்சீலையை எடுத்துவிட்டோம். இதற்கான செலவு ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குவதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்திருந்தால் நாங்கள் மூன்று மாதம் சண்டை போட்டிருக்க மாட்டோம் என்று அம்மா இப்போதும் சொல்கிறார்கள்.

புதிதாகப் பலகை அடிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: உள்சுவரில் அடியுங்கள், ஈரம் தாங்கும் ரகமான ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட் கேளுங்கள், ஐ.எஸ். 303 சாதாரண ரகம். மேலேயும் கீழேயும் கட்டைவிரல் அளவு காற்றுவழி விடச் சொல்லுங்கள். ஆசாரி முகம் சுளிப்பார், விடச் சொல்லுங்கள்.

எங்கள் கணக்கு இப்போது இப்படி நிற்கிறது. தெற்கே அயனி, தேன் நிறத்தில். வடக்கே வெனீருக்கு முறைப்படி தேய்த்து அரக்குப் பிரைமர் போட்டு வெள்ளை. ஒரு மழைக்காலம் தாண்டிவிட்டது, கறை எழும்பவில்லை. மேற்கே வெறும் பூச்சு. ஏழு நாள் தண்ணீர் நனைத்தாயிற்று, ஒரு மாதமாவது காயாமல் பெயின்ட் அடிக்க விட மாட்டேன் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். அதில் பிளாஸ்டிக் ஷீட்டை நேற்று மறுபடி ஒட்டி வைத்திருக்கிறேன். காலையில் பார்த்தபோது உள் பக்கம் இன்னும் லேசாக வியர்த்திருந்தது.